பனங்காட்டில் டச் பார்த்த நாள்

முதல் நாள் யாரும் வரவில்லை.
பள்ளிக்கூட வராந்தாவில்
சுண்ணாம்பில் போட்ட வட்டங்களில்
ஒரு நாய் மட்டும்
இடம் மாறி இடம் மாறிப் படுத்தது.
கவச உடைக்குள் நான்
என் வியர்வையையே குடித்துக்கொண்டிருந்தேன்.
சேகரின் ஆட்டோ ஒலிபெருக்கியில்
"தாமாக முன்வந்து" என்று
பதினாறு முறை கேட்டது தெரு.
தாமாக, முன், வந்து,
மூன்று சொல்லும்
கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டன.

காரணம் தெரியும்.
போன மாதம் திருப்பத்து வீட்டுக்குத்
தகரம் அடித்தார்கள்.
கழற்றிய பிறகும்
ஆணித் துளையைப் பார்த்துவிட்டுத்தான்
அடுத்த வீட்டுக்குப் போகிறார் பால்காரர்.
இங்கே பட்டறைக்கு எட்டுப் பேர்,
கிராம் கணக்கில் கூலி.
ஒரு மூக்கு உண்மை சொன்னால்
எட்டு அடுப்பு அணையும்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்குப்
பெருமாயி வந்தாள்.
கொலுசுக்குக் கண்ணி கோக்கிறவள்.
சோதனைக்கு இல்லை, சண்டைக்கு.
"எழுதறதை யார்கிட்டக் காட்டுவீங்க?"
மாநகராட்சிக்கு என்றேன்.
"அப்புறம்?"
அப்புறம் எனக்கும் தெரியாது என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாதோ என்று
இப்போதும் சில நேரம் தோன்றும்.
அவள் என் முகத்தடுப்பையே பார்த்தாள்,
அதில் தெரிந்தது அவள் முகம்தான்.
பிறகு குரலைத் தாழ்த்தினாள்.
வீட்டுக்காரர் அர்த்தனாரிக்கு
மூன்று நாளாகத்
திராவக நெடி தெரியவில்லையாம்.
இருபது வருடம் இருமவைத்த நெடி.
"நல்லதுதானேன்னு சிரிக்கறாருங்க."

அன்று ராத்திரி
எந்தெந்த வாசலில் என்ன பேசினாளோ.
என் காதுக்கு வந்தது இவ்வளவுதான்:
"வெள்ளிய நித்தம் சுரண்டி
டச் பாக்கக் குடுக்கறோம்.
கலப்பு இருந்தா
யாராச்சும் தெருவுல வீசறமா?
உருக்கறோம், சரி பண்றோம்."
மெகருன்னிசா மட்டும் கேட்டாளாம்,
"உருக்கற வரைக்கும் கூலி யார் குடுப்பா?"
பதில் யாரிடமும் இல்லை.
பதில் இல்லாமலேதான் முடிவெடுத்தார்கள்.

மூன்றாம் நாள் முப்பத்தேழு வீடு.
நாய் எழுந்து போய்விட்டது.
வரிசையின் தலையில் ஒரு நிபந்தனை:
"ஸ்டிக்கர் ஒட்டறதுன்னா
எல்லாக் கதவுக்கும் ஒட்டுங்க.
ஒரு கதவுக்குன்னா வேண்டாம்."
சுகாதார ஆய்வாளர்
வெயிலில் நின்று யாருக்கோ போன் பேசினார்.
திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டிக்கர் கட்டை ஜீப்பில் வைத்தார்.

குச்சி உள்ளே போகும்போது
ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு விதம்.
ஒரு பையன் பத்து வரை எண்ணினான்.
பட்டறை முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
ஊதுகுழல் ஊதும் கந்தாயி சொன்னாள்,
"அழலைங்க. தானா வருது."
இரண்டு நாள் ஒலிபெருக்கி கத்தியதற்குத்
தாமாக முன்வந்தது அந்தக் கண்ணீர்.

இரண்டு வீடு திறக்கவில்லை.
யாரும் தட்டவும் இல்லை.

பிறகு பதினொன்று என்று வந்தது,
அதில் அர்த்தனாரி.
வாசல்களில் அரிசியும் முட்டையும் வைத்துவிட்டு
விலகி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
கூலி யாரும் கொடுக்கவில்லை.
ஆனால் இதை எழுத உட்கார்ந்தது
அதற்காக இல்லை.

மூன்றாம் நாள் மாலை
மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது
பெருமாயி கேட்டாள்,
"உங்களுக்கு யாருங்க பாக்கறது?"

தொண்டையில் இரண்டு நாளாக ஏதோ உறுத்தல்.
வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒப்பந்த வேலை.
படுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை.
திருப்பத்து வீட்டுத் தகரம்
என் நாக்கின் மேலும் அடித்திருந்தது.

கடைசி வட்டத்தில் நாற்காலியைப் போட்டு
குச்சியை நானே உள்ளே விட்டேன்.
பத்து வரை எண்ண முடியவில்லை.

நூற்றுப் பதினெட்டாவது வரியில்
ஹேமாவதி என்பதை
ஏமாவதி என்று எழுதினான் சேகர்.
நான் திருத்தவில்லை.